சர்வர் தன் மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமா? பெருங்குடியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

பெருங்குடியில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் சர்வர் அறையைக் கவனித்துக்கொள்பவர் கேட்டிருக்கிறார். அறையில் நாற்பது சர்வர்கள். பகலில் வாடிக்கையாளர் இணையதளமும் பில்லிங்கும் ஓடுகின்றன, இரவில் ரிப்போர்ட்டும் பேக்கப்பும். ஈபி பில் ஏறிக்கொண்டே போகிறது. இந்த நேரத்தில் ஒரு மென்பொருள் விற்பனையாளர் வந்து, "இதைப் போட்டுவிட்டால் சர்வர் தன்னைத் தானே கவனித்துத் திருத்திக்கொள்ளும், வேகம் துளியும் குறையாது, மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், எல்லாம் செயற்கை நுண்ணறிவு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இது நடக்கிற காரியமா என்பது கேள்வி. கூடவே ஒரு கிளைக் கேள்வி: கரண்ட் போய் யுபிஎஸ்ஸில் ஓடும்போது இதே முறையில் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்க முடியுமா?

பில்லைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், எவ்வளவு வேகம் போதும் என்பது ஒரு இயந்திரத்துக்குத் தானாகத் தெரிந்துவிடுமா என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாது. யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், எந்த நிர்வாகியும் கையால் செய்ய முடியாத நுணுக்கத்தில், நொடிக்குப் பல நூறு முறைகூட அது தன்னைத் திருத்திக்கொள்ளும். சொல்லாவிட்டால், தான் எவ்வளவு மும்முரமாக இருக்கிறோம் என்பதை வைத்து ஊகிக்கும். அந்த ஊகம் பெரும்பாலும் பரவாயில்லை, சில இடங்களில் படு மோசம். அம்பத்தூரிலும் ஓஎம்ஆரிலும் சர்வர் அறைகளின் கொள்ளளவு, வேகம் இரண்டையும் அளந்து சொல்லும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் அறையை நான் பார்க்கவில்லை, ஆகவே உங்களுக்கு எத்தனை சதவீதம் மிச்சமாகும் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். பார்க்காமல் அந்த எண்ணைச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். வேலை செய்யும் ப்ராசசர் இழுக்கும் மின்சாரம் அதன் கிளாக் வேகத்துக்கு (நொடிக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்பதற்கு) நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். வேகத்தைக் குறைத்தால் வோல்டேஜையும் குறைக்க முடிகிறது என்பதுதான் இந்தத் துறைக்கே அடிப்படை. இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் 0.8-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், 0.512 வரும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் ப்ராசசரின் வாட் ஏறக்குறைய பாதியாகிறது. கேட்க அருமையாக இருக்கும். விற்பனையாளர்கள் காட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும்.

ஆனால் சர்வர் என்பது ப்ராசசர் மட்டும் இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ப்ராசசர் 100 வாட் எடுக்கிறது, மெமரி, டிஸ்க், ஃபேன், பவர் சப்ளை எல்லாம் சேர்ந்து இன்னொரு 100 வாட். ஒரு வேலை முழு வேகத்தில் 100 நொடியில் முடிகிறது என்றால் ஆன செலவு 20,000 ஜூல் (வாட்டை நொடியால் பெருக்கினால் வரும் கணக்கு). இப்போது வேகத்தை 20 சதவீதம் குறைக்கிறோம். ப்ராசசர் 51.2 வாட்டுக்கு இறங்குகிறது, மற்றவை அதே 100-ல் நிற்கின்றன, வேலை முடிய 125 நொடி ஆகிறது. மொத்தம் 18,900 ஜூல். ப்ராசசரில் பாதி வாட் குறைந்தும் மொத்தத்தில் மிச்சம் 6 சதவீதத்துக்கும் கீழே. மற்ற பாகங்கள் 100-க்குப் பதில் 200 வாட் எடுக்கும் கனமான சர்வர் என்றால், முழு வேகத்தில் 30,000 ஜூலில் முடிந்திருக்க வேண்டிய வேலை மெதுவாகச் செய்ததால் 31,400 ஜூல் ஆகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தப் போய் அதிகம் செலவழித்துவிட்டோம்.

இதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. மேலே போட்ட கணக்கு, வேலை முடிந்ததும் சர்வர் முழுதாக அணைந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் உங்கள் சர்வர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகின்றன. அப்படியானால் அந்த 125 நொடிக்கும் மற்ற பாகங்களின் 100 வாட் எப்படியும் போகும். வேகமாக முடித்து, ப்ராசசர் மட்டும் தூங்கினால் 22,500 ஜூல், மெதுவாகச் செய்தால் 18,900. இப்போது மெதுவாகச் செய்வதில் 16 சதவீதம் லாபம். ஆக, சட்டென்று முடித்துவிட்டுத் தூங்குவது நல்லதா, நிதானமாகச் செய்வது நல்லதா என்ற கேள்விக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. வேலை முடிந்த பிறகு எதையெல்லாம் உண்மையாகவே அணைக்க முடிகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். தானாகத் திருத்திக்கொள்ளும் எந்த ஏற்பாடும் முதலில் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வந்தவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: உங்கள் மென்பொருள் ப்ராசசரின் வாட்டைக் கணக்கில் எடுக்கிறதா, முழு சர்வரின் வாட்டையா?

உண்மையிலேயே இலவசமாகக் கிடைக்கும் மிச்சம் ஒன்று உண்டு. ப்ராசசர் பல நேரம் கணக்குப் போடுவதில்லை, மெமரியிலிருந்து தரவு வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. பெரிய டேட்டாபேஸ் வேலைகளில் இது சகஜம். அப்போது கிளாக்கைக் குறைத்தாலும் வேலையின் நேரம் கொஞ்சம்தான் கூடும், ஏனென்றால் மெமரியின் வேகம் மாறவில்லை. எந்த நேரம் கணக்கு, எந்த நேரம் காத்திருப்பு என்று கண்டுபிடிக்கச் சிப்புக்குள்ளேயே எண்ணிகள் இருக்கின்றன. இதை மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியாது, இயந்திரம்தான் செய்ய வேண்டும். வேகம் குறையாமல் மின்சாரம் குறையும் என்ற பேச்சுக்கு நேர்மையான அடிப்படை இருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதெல்லாம் புதுச் சரக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1974-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும், டிரான்சிஸ்டரைச் சிறிதாக்க ஆக்க வோல்டேஜும் சேர்ந்து குறையும், அதே பரப்பில் அதே வாட்டுக்கு மேலும் மேலும் வேகம் கிடைக்கும் என்று காட்டினார்கள். முப்பது வருடம் தொழில் அதை நம்பி ஓடியது. 2005-ஐ ஒட்டி அது நின்றுபோனது. டிரான்சிஸ்டர் சுருங்கியது, வோல்டேஜ் குறைய மறுத்தது, சும்மா இருக்கும்போதும் கசியும் மின்சாரம் கூடியது. இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ 2004-ல் கைவிட்டது அந்த நெருக்கடியின் நடுவில்தான். அதற்குப் பிறகு மின்சாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பது கட்டாயமாகிவிட்டது. 2004-லேயே லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஆன்டிமாண்ட் என்ற கவர்னர், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிரல், வந்துவிட்டது, லோடு ஏறினால் வேகத்தை ஏற்றும், இறங்கினால் இறக்கும். 2015-ல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து இன்டெல் சிப்புகள் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்காமல் தாமே மில்லி நொடிக் கணக்கில் வேகத்தை மாற்றிக்கொள்கின்றன. 2016-ல், எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று பிரித்துத் தரும் லினக்ஸின் ஷெட்யூலரே வேகத்தை முடிவு செய்யும் முறை வந்தது. ஆகவே உங்கள் நாற்பது சர்வர்களில் ஓரளவு புதியவை எல்லாவற்றிலும் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு நீங்கள் காசும் கொடுத்துவிட்டீர்கள். புதிய மென்பொருள் அதற்கு மேல் என்ன செய்கிறது என்பதற்குத்தான் இப்போது பணம் கேட்கிறார்கள்.

இப்போது ஊகத்தின் பலவீனத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். 1994-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மார்க் வைசரும் மற்றவர்களும் ப்ராசசர் வேகத்தை லோடுக்கு ஏற்ப மாற்றி மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் அவர்கள் ஆராய்ந்த ஒரு வழி, கடந்த சில மில்லி நொடிகள் எப்படி இருந்தனவோ அடுத்தவையும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்வது. இன்றைக்கும் பெரும்பாலான கவர்னர்களின் உள்ளே இந்த நம்பிக்கைதான் வேறு வேறு உடையில் இருக்கிறது. அளவுகோல், ப்ராசசர் எத்தனை சதவீதம் மும்முரமாக இருந்தது என்பது. ஆனால் மும்முரமும் தேவையும் வேறு வேறு. சில நெட்வொர்க் மென்பொருள்கள் பாக்கெட் வந்ததா வந்ததா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்படி எழுதப்பட்டவை. வேலையே இல்லாதபோதும் அவை 100 சதவீதம் மும்முரம். கவர்னர் அதை நம்பி உச்ச வேகத்தில் வைத்திருக்கும். இதற்கு நேர் எதிராக, உங்கள் வாடிக்கையாளர் இணையதளம் 15 சதவீதம்தான் மும்முரமாக இருக்கும். "ஆஹா, சும்மாதானே இருக்கிறது" என்று வேகத்தைக் குறைத்தால், பில் தொகையைப் பார்க்கக் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பக்கம் வரத் தாமதமாகும். சராசரியில் அது தெரியாது, நூறில் மோசமான அந்த ஒன்றிரண்டு கோரிக்கைகளில்தான் தெரியும்.

இந்த இடைவெளியை நிரப்ப நடந்த முயற்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது எம்ஐடியில் ஹென்றி ஹாஃப்மன், ஆனந்த் அகர்வால் முதலியோர் 2010-ஐ ஒட்டிச் செய்தது. அகர்வால் நம் சென்னை ஐஐடியில் படித்தவர், பின்னால் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர்களுடைய யோசனை எளிமையானது. ஒவ்வொரு மென்பொருளும் தன் வேலையில் ஒரு படி முடிந்ததும் ஒரு துடிப்பை வெளியே சொல்ல வேண்டும், நொடிக்கு எத்தனை துடிப்பு இருந்தால் போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீடியோ மாற்றும் மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு துடிப்பு தருகிறது, நொடிக்கு 30 போதும் என்கிறது. அமைப்பு அதைக் கவனித்து, எத்தனை கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்), என்ன வேகம் என்று குறைந்த மின்சாரத்தில் அந்த 30-ஐத் தரும் கலவையைத் தேடிப் பிடிக்கிறது. 40 வந்தால் அது வீண் என்று அதற்குத் தெரியும். தாம்பரத்துக்குப் போகும் மின்சார ரயில் ஒரு நிலையத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டாலும் அட்டவணை நேரம் வரை நின்றுதான் ஆக வேண்டும். நேரத்தைத் தெரிந்த ஓட்டுநர் கடைசித் தூரத்தை மின்சாரத்தை வெட்டிவிட்டு உருள விடலாம், தெரியாதவர் ஓட்டிவந்து பிரேக் போட வேண்டியதுதான். துடிப்பு என்பது சர்வருக்கு அந்த அட்டவணையைக் கையில் கொடுப்பது.

உங்கள் அறைக்கு இது என்ன அர்த்தம்? உங்களிடம் இருக்கும் வேலைகளுக்கு அட்டவணை எழுத முடியும், அதை நீங்களே ஒரு மத்தியானத்தில் எழுதலாம். இரவு ரிப்போர்ட் ஆறு மணிக்குள் முடிந்தால் போதும், இரண்டு மணிக்கே முடிவதால் யாருக்கும் பயன் இல்லை. பேக்கப்பும் அப்படித்தான். பில்லிங் பக்கம் நூறில் தொண்ணூற்றொன்பது முறை இத்தனை மில்லி நொடிக்குள் திறக்க வேண்டும் என்று உங்கள் வணிகப் பிரிவிடம் கேட்டு ஒரு எண்ணை வாங்குங்கள். வாங்குவது சுலபமில்லை, "முடிந்தவரை வேகமாக" என்பதுதான் முதலில் வரும் பதில். அதை விடாதீர்கள். "முடிந்தவரை வேகமாக" என்பது இலக்கு ஆகாது, அதை வைத்து எந்தச் சமநிலையையும் காண முடியாது. விற்பனையாளரின் மென்பொருளுக்கு இப்படி இலக்கு கொடுக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பேச்சைத் தொடரலாம். ப்ராசசர் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறது என்றால், ஏற்கெனவே சிப்புக்குள் இருப்பதையே இன்னொரு முறை வாங்குகிறீர்கள்.

வாங்குவது வீணாவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. தானாகத் திருத்திக்கொள்ளும் இரண்டு அமைப்புகள் ஒன்றை ஒன்று அறியாமல் ஒரே சர்வரில் வேலை செய்தால் கெடுதலும் வரும். எப்படி என்று பாருங்கள். சிப் லோடு குறைவு என்று வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்ததால் அதே வேலைக்கு ப்ராசசர் 30 சதவீதத்துக்குப் பதில் 60 சதவீதம் மும்முரமாகத் தெரிகிறது. மேலே உட்கார்ந்து பல சர்வர்களுக்கும் வேலையைப் பிரித்துத் தரும் கிளஸ்டர் மென்பொருள் இதைப் பார்த்து, "சர்வர்கள் திணறுகின்றன" என்று இன்னொரு சர்வரை எழுப்புகிறது. லோடு பிரிகிறது, சிப்புகள் மேலும் வேகத்தைக் குறைக்கின்றன, மறுபடி இன்னொரு சர்வர். தனித்தனியே பார்த்தால் இரண்டும் மின்சாரத்தை மிச்சப்படுத்த நல்லபடியாக எழுதப்பட்டவை. சேர்ந்து ஓடும்போது எதுவும் இல்லாததைவிட மோசம். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1868-லேயே நீராவி எஞ்சின்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கருவி ஏன் சில சமயம் நிலைகொள்ளாமல் ஊசலாடுகிறது என்று கணக்கோடு எழுதியிருக்கிறார். பின்னூட்டம் உள்ள, அதாவது விளைவைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும், எதற்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். யார் எதைக் கட்டுப்படுத்துகிறார்கள், யார் மெதுவாக முடிவெடுக்கிறார்கள், யார் வேகமாக என்று முதலிலேயே பிரித்து வைக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு என்ற பகுதியில்தான் சந்தேகத்துக்கு இடம் அதிகம். வந்தவர் ஒருவேளை கூகுளின் 40 சதவீதத்தைச் சொல்லியிருக்கலாம், பலரும் சொல்கிறார்கள். 2016-ல் கூகுளும் அதன் டீப்மைண்ட் குழுவும் டேட்டா சென்டரில் குளிர்விப்புக்கு ஆகும் மின்சாரத்தை 40 சதவீதம் வரை குறைத்ததாக அறிவித்தது உண்மை. ஆனால் அது குளிர்விப்புக்கான மின்சாரத்தில் மட்டும் 40 சதவீதம், மொத்த பில்லில் இல்லை. அந்தக் கட்டடங்களில் ஆயிரக்கணக்கான சென்சார்களின் பல வருடப் பதிவுகள் இருந்தன, கற்றுக்கொள்ள அந்த அளவு தரவு தேவைப்பட்டது. நாற்பது சர்வர், ஓரிரண்டு ஏசி உள்ள அறையில் கற்றுக்கொள்வதற்கு அத்தனை விஷயமே இல்லை. இரவு ரிப்போர்ட் எப்போது தொடங்கும் என்பதைக் கண்டுபிடிக்க எந்த மாடலும் வேண்டாம், உங்கள் கால அட்டவணையைப் பார்த்தால் போதும். லோடு கணிக்க முடியாதபடி மாறும் பெரிய இடங்களில் கற்கும் முறைகள் நல்ல பலன் தரலாம். உங்கள் அளவில் எளிய விதிகளைவிட அவை எவ்வளவு மேல் என்பதை அளந்து காட்டும் பொறுப்பு விற்பவருடையது.

அடுத்து சென்னையின் வெயில். சர்வரில் ஒரு வாட் குறைத்தால் ஏசியிலும் குறையும். நன்றாகப் பராமரிக்கப்படும் ஏசி மூன்று வாட் வெப்பத்தை வெளியேற்றத் தோராயமாக ஒரு வாட் எடுக்கும், மே மாத மதியத்தில் அதற்கும் மேல். குளிர் நாடுகளில் வெளிக்காற்றையே உள்ளே விட்டுக் குளிர்விக்கிறார்கள். நம் ஊரில் ராத்திரியிலும் ஈரப்பதம் விடுவதில்லை, அந்த வழி நமக்குப் பெரும்பாலும் அடைபட்டதுதான். ஆனால் பல அறைகளில் ஏசியை 18 டிகிரியில் வைத்திருக்கிறார்கள், உள்ளே போனால் ஸ்வெட்டர் தேவைப்படும். சர்வர் உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது குளிர்விப்புப் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் பரிந்துரை. 24 வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்கலாம். அதற்கு மேலே போகும்போது கவனம் வேண்டும். வெப்பம் ஏறினால் சர்வரின் ஃபேன்கள் தாமாக வேகம் கூட்டும். ஃபேன் எடுக்கும் மின்சாரம் அதன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் ஏசியில் மிச்சமானது ஃபேனில் போய்விடும். சிப்பின் கசிவும் வெப்பத்தோடு கூடும். இன்னொன்று: யுபிஎஸ் பேட்டரி அதே அறையில் இருந்தால் ஏற்றவே வேண்டாம். லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

மென்பொருள் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை உங்கள் கையிலேயே இருக்கின்றன. முதலில் ஒவ்வொரு சர்வரின் பயாஸிலும் (சர்வர் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) பவர் அமைப்பைப் பாருங்கள். உச்ச செயல்திறன் என்று யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தால் சிப்பின் தூக்க நிலைகள் அணைந்திருக்கும், மேலே எந்த நுண்ணறிவைப் போட்டாலும் அது உள்ளே இறங்காது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நூறு மைக்ரோ நொடி அளவில் ஆகும். பங்குச் சந்தை வேலைக்கு அது பெரிய விஷயம், உங்கள் பில்லிங் பக்கத்துக்கு ஒன்றுமே இல்லை. அடுத்து, சும்மா ஓடும் சர்வர்களைத் தேடுங்கள். கூகுளின் பரோசோவும் ஹோல்ஸ்லேவும் 2007-ல் எழுதியபடி, சர்வர்கள் பெரும்பாலான நேரம் 10 முதல் 50 சதவீத லோடில்தான் இருக்கின்றன, எந்த வேலையும் இல்லாத போதும் அன்றைய நல்ல சர்வர்களே உச்சத்தில் எடுப்பதில் ஏறக்குறைய பாதி மின்சாரத்தை எடுத்தன. அதன் பிறகு வந்தவை எவ்வளவோ மேல், ஆனால் பத்து வருடப் பழைய சர்வர்கள் உங்களிடம் இருந்தால் அவை இன்னும் அந்தக் காலத்தில்தான் வாழ்கின்றன. நான்கு பழைய சர்வர்களின் வேலையை விர்ச்சுவல் மெஷின்களாக (ஒரே சர்வருக்குள் தனித்தனி சர்வர்கள் போல ஓடும் மென்பொருள்களாக) ஒன்றில் ஏற்றி, மூன்றை அணைத்துவிடுவதற்கு ஈடான மிச்சத்தை எந்தக் கவர்னரும் தராது. யாருடையது என்றே தெரியாமல் ஓடும் சர்வர் ஒன்றாவது ஏறக்குறைய எல்லா அறையிலும் இருக்கிறது.

இதையெல்லாம் செய்த பிறகும் அந்த மென்பொருளைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், சோதனையை அவர்கள் சொல்லும் முறையில் செய்யாதீர்கள். வழக்கமாக, போடுவதற்கு முந்தைய மாத பில்லையும் போட்ட பின் வந்த பில்லையும் ஒப்பிட்டுக் காட்டுவார்கள். செப்டம்பரில் போட்டு டிசம்பரில் ஒப்பிட்டால், மிச்சம் வடகிழக்குப் பருவமழை தந்தது. ஒரே மாதிரி வேலை செய்யும் சர்வர்களை இரண்டு கும்பலாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் போட்டு, ஒரே வாரத்தில் இரண்டையும் அளந்து, அடுத்த வாரம் மாற்றிப் போட்டு மறுபடி அளக்க வேண்டும். அளப்பது, சர்வர்களை அடுக்கியிருக்கும் ராக்கின் மின் இணைப்பில். சிப் தானே சொல்லும் வாட் எண்ணில் ஃபேனும் பவர் சப்ளையின் இழப்பும் சேராது. பில்லை மட்டும் பார்க்காமல், ஆயிரம் பில் போட எத்தனை யூனிட் ஆனது என்று கணக்கிடுங்கள், கூடவே மெதுவான ஒரு சதவீதக் கோரிக்கைகளின் நேரத்தையும் எழுதி வையுங்கள். உங்களுடையது உயர் அழுத்த இணைப்பு என்றால், யூனிட்டுக்கு மட்டும் இல்லாமல் உச்சத் தேவைக்கும் டிமாண்ட் சார்ஜ் உண்டு. இரவு பேக்கப்பைப் போல நேரம் தள்ளக்கூடிய வேலைகளை உச்ச நேரத்திலிருந்து நகர்த்தினால், ஒரு யூனிட்கூடக் குறையாமல் பில் குறையலாம். மென்பொருள் நிறுத்தப்பட்டாலோ செத்துப்போனாலோ சர்வர்கள் சாதாரண அமைப்புக்குத் தாமே திரும்புகின்றனவா என்பதையும், யாரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைக் கொன்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

கடைசியாக யுபிஎஸ் கேள்வி. இதற்குத் தயக்கமில்லாமல் ஆம் என்கிறேன். ஓரளவு புதிய சர்வர்களில் பெரும்பாலானவற்றின் மேலாண்மைப் பலகையில் (சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்த உள்ளேயே இருக்கும் சிறு கணினி), இத்தனை வாட்டுக்கு மேல் எடுக்காதே என்று உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. சிப் தன் வேகத்தைக் குறைத்து அந்த வரம்புக்குள் நிற்கும். யுபிஎஸ்ஸில் நெட்வொர்க் கார்டு இருந்தால், கரண்ட் போனதும் அது அனுப்பும் செய்தியைப் பிடித்து வரம்பை இறக்க ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் போதும். ரிப்போர்ட், டெஸ்ட் சர்வர்களை முதலில் இறக்குங்கள், இரண்டு நிமிடத்தில் ஜெனரேட்டர் எடுக்கவில்லை என்றால் அவற்றை முறைப்படி அணைத்துவிடுங்கள், பில்லிங்கைக் கடைசி வரை தொடாதீர்கள். லெட் ஆசிட் பேட்டரியில் லோடைப் பாதியாக்கினால் ஓடும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலே போகும், ஏனென்றால் மெதுவாக இறக்கும்போது அது கூடுதல் கொள்ளளவைத் தருகிறது. பேட்டரி பழையதாக இருந்தால் இந்தக் கணக்கை நம்பி உட்காராமல், ஒரு விடுமுறை நாளில் மெயின் சுவிட்சை இறக்கி, கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.